காற்று மானி 120 காட்டியது, ட்ரெயிலர் அசையவில்லை

தை 16, 2022 | இழையைத் தொடக்கிய கேள்வி

வட ஒன்ராறியோவில் உள்ள ஹேர்ஸ்ட்டில் பத்து மணி நேரம் ஓய்வெடுத்துவிட்டு, அதிகாலை நான்கு மணிக்கு லோங்லாக் பக்கம் புறப்பட ஆயத்தமானேன். வெளியே −34 பாகை. பிரேக் காற்றழுத்தத்தைக் காட்டும் மானியின் இரண்டு முட்களும் 120 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தல்) நின்றன. ட்ராக்டரின் (முன்னால் இழுக்கும் வண்டியின்) தரிப்பு பிரேக்கை விடுவிக்கும் மஞ்சள் குமிழையும், ட்ரெயிலருக்குக் காற்றை அனுப்பும் சிவப்புக் குமிழையும் உள்ளே தள்ளினேன். ட்ராக்டர் இழுத்தது, ஆனால் ட்ரெயிலரின் சில்லுகள் சுழலாமல் பனியின் மேல் சறுக்கிக்கொண்டே வந்தன. உதவி வண்டி வந்து சேர ஐந்து மணி நேரம் ஆனது. மெக்கானிக் சுத்தியலால் தட்டினார், குழாயில் ஏதோ ஊற்றினார், இனி ஓடலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் ட்ராக்டர் ட்ரெயிலர் ஓட்டும் ஏஇசட் உரிமம் எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. மானி 120 காட்டினால் பிரேக் நன்றாக இருக்கிறது என்றுதான் பயிற்சியில் விளங்கிக்கொண்டேன். அப்படியானால் இது என்ன பழுது?

தை 16, 2022 | இரவு

அந்த மானி காட்டுவது ட்ராக்டரின் முதலாம், இரண்டாம் தொட்டிகளில் இருக்கும் காற்றின் அழுத்தத்தை மட்டுமே. ட்ரெயிலரின் தொட்டியில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதையோ, அந்தக் காற்று சில்லருகில் பிரேக்கை இயக்கும் காற்றறையான சேம்பர் வரை போய்ச் சேர்ந்ததா என்பதையோ, பிரேக் ஷூ சில்லோடு சுழலும் டிரம்மைத் தொடுகிறதா விடுகிறதா என்பதையோ அது சொல்லாது. நீங்கள் விளங்கிக்கொண்டதைத்தான் நானும் 2010இல் உரிமம் எடுத்தபோது விளங்கிக்கொண்டேன். அது தவறு என்று அறிய எனக்கு நான்கு குளிர்காலங்கள் தேவைப்பட்டன. அதனால்தான் இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

ட்ரெயிலரின் தரிப்பு பிரேக் காற்றினால் பிடிப்பதில்லை, சேம்பருக்குள் இருக்கும் பெரிய சுருள்வில்லினால் பிடிக்கிறது. சிவப்புக் குமிழை உள்ளே தள்ளும்போது போகும் காற்று அந்த வில்லை அமுக்கி, பிரேக்கை விடுவிக்கிறது. எனவே ட்ரெயிலர் விடவில்லை என்றால், காற்று வழியில் எங்கோ நின்றுவிட்டது, அல்லது காற்று தன் வேலையை முடித்த பிறகும் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எது நடந்தது என்பதை வண்டியை இழுத்துப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம்.

சிவப்புக் குமிழைத் தள்ளியவுடன் மானியைப் பாருங்கள். வெறுமையாக இருந்த ட்ரெயிலர் தொட்டிகள் நிரம்பத் தொடங்கினால் முள் நன்றாக இறங்கி, கொம்பிரசர் ஈடுகொடுக்கும்போது மறுபடி ஏறும். முள் அசையவே இல்லை என்றால் காற்று ட்ரெயிலருக்குப் போகவில்லை. ட்ரெயிலர் தொட்டிக்குக் காற்றைக் கொண்டுபோகும் சிவப்புக் குழாயிலோ, அதை ட்ரெயிலரோடு கோக்கும் கிளாட் ஹாண்ட் இணைப்பிலோ, ட்ராக்டரின் பாதுகாப்பு வால்விலோ ஐஸ் அடைத்திருக்கக்கூடும். முள் இறங்கி ஏறிய பிறகும் சில்லு சுழலாவிட்டால் ஒரு கைவிளக்கோடு ட்ரெயிலரின் கீழே குனிந்து, சேம்பரிலிருந்து வெளியே வந்து பிரேக்கைத் தள்ளும் தள்ளுதண்டைப் பாருங்கள். தண்டு உள்ளே போயிருந்தால் காற்றும் வில்லும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன, ஷூ டிரம்மில் உறைந்து ஒட்டியிருக்கிறது. தண்டு வெளியே நீண்டபடியே இருந்தால் ட்ரெயிலரின் வால்வில் ஐஸ் இருக்கிறது, வில்லை அமுக்கக் காற்று வந்து சேரவில்லை.

உங்கள் மெக்கானிக் சுத்தியலால் தட்டினார் என்பதைப் பார்த்தால் ஷூ ஒட்டியிருக்கிறது. திரவம் ஊற்றினார் என்பதைப் பார்த்தால் குழாயில் ஐஸ் இருக்குமோ என்றும் அவர் சந்தேகப்பட்டிருக்கிறார். குளிர்காலத்தில் ஒரு போத்தல் மெதைல் அல்ககோலைக் கபினில் வைத்திருங்கள். சிவப்புக் குழாயின் வாயில் சிறிதளவு ஊற்றி இணைத்தால் ஐஸ் கரைந்துவிடும், நானும் அப்படித்தான் செய்து வருகிறேன்.

தை 17, 2022

நேற்று எழுதாமல் விட்ட ஒன்றை எழுதாமல் உறங்க முடியவில்லை. ட்ரெயிலரின் கீழே குனியுமுன் சில்லுக்குக் கட்டை வையுங்கள். ஷூ ஒட்டியிருக்கிறது என்று நம்பி, சிவப்புக் குமிழை உள்ளே தள்ளிவிட்டுச் சுத்தியலோடு கீழே போகும் ஒருவருக்கு, அந்த ஷூ விடும் கணத்தில் வண்டியைப் பிடித்திருப்பது எதுவும் இருக்காது. மஞ்சள் குமிழை வெளியே இழுத்தபடி வைத்து, சிவப்பை மட்டும் தள்ளினால் ட்ராக்டர் தரித்து நிற்கும், ட்ரெயிலர் மட்டும் விடும். அப்படிச் செய்தாலும் கட்டை வேண்டும்.

தை 19, 2022

அல்ககோல் பற்றி நான் எழுதியதைத் திருத்துகிறேன். மிசிசாகாவில் கராஜ் நடத்தும் அண்ணர் ஒருவர் இந்த இழையைப் படித்துவிட்டு எனக்கு அழைப்பெடுத்தார். "தம்பி, நீர் ஊத்தச் சொன்ன அந்தச் சாமானாலதான் ஒவ்வொரு மாசியிலயும் எனக்கு வால்வு மாத்துற வேலை வருது" என்றார். அவர் விளக்கியது இதுதான். அல்ககோல் ஐஸைக் கரைக்கும், அதே நேரம் வால்வுக்குள் இருக்கும் மசகையும் கழுவிக்கொண்டு போய்விடும். காய்ந்துபோன ரப்பர் வளையங்கள் அடுத்த குளிரில் விறைத்துக் கசியத் தொடங்கும். இன்று ஐஸைக் கரைத்தவர் இரண்டு மாதம் கழித்துக் கசிவைத் தேடிக்கொண்டிருப்பார், இரண்டுக்கும் தொடர்பு இருப்பதே அவருக்குத் தெரியாது.

காற்றிலுள்ள ஈரத்தை நீக்கும் எயார் டிரையர் பொருத்திய வண்டியில், தயாரிப்பாளர் வெளிப்படையாக ஏற்ற திரவத்தைத் தவிர வேறெதையும் ஊற்றக்கூடாது என்பதே அவர் கருத்து. யோசித்துப் பார்த்தபோது எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. 2016இல் என் ட்ரெயிலரின் ரிலே வால்வு இரண்டு முறை பழுதானது. அப்போது உப்புத் தண்ணீரைக் குற்றம் சொன்னேன், என் போத்தலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

காற்றுக்குள் தண்ணீர் இல்லை என்றால் ஐஸும் இல்லை. கொம்பிரசர் வெளிக்காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் சூட்டோடு வந்து, குளிரும் இடத்தில் தண்ணீராகிறது. அதை உறிஞ்சுவது டிரையருக்குள் இருக்கும் மணிகள். அழுத்தம் 125ஐ எட்டி, அதைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கொம்பிரசரை ஓய்வுக்கு விடும்போது, டிரையர் ஒரு பெருமூச்சு விட்டுத் தன் தண்ணீரை வெளியே தள்ளும். அந்த ஓசையைப் புதியவர்கள் பழுது என்று நினைக்கிறார்கள், உண்மையில் அது கேட்காத நாளே கவலைக்குரிய நாள். டிரையரின் அடியில் ஒரு சூடேற்றியும் உண்டு. அது வேலை செய்கிறதா என்று ஐப்பசி மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். மணிகள் உள்ள குடுவையையும் குளிர் தொடங்குமுன் மாற்றிவிடுவது நல்லது.

டிரையர் இருந்தாலும் தொட்டிகளின் வடிகுழாயைத் தினமும் இழுத்துப் பாருங்கள். சிறு துளி ஈரம் வந்தால் கவலை இல்லை. தண்ணீர் கொட்டினால் டிரையர் சோர்ந்துவிட்டது. பால் போன்ற கொழகொழப்பு வந்தால் கொம்பிரசர் எண்ணெயைக் கடத்துகிறது, அந்த எண்ணெய் டிரையரின் மணிகளையும் சேர்த்துக் கெடுக்கும்.

தை 20, 2022

ஷூ ஏன் டிரம்மில் ஒட்டியது என்று கேள்வி கேட்டவர் மறுபடி கேட்டிருக்கிறார். பனி கரைந்த ஈரமான வீதியில் ஓடிவந்து, சூடான, நனைந்த பிரேக்கோடு நிறுத்தி, உடனே சிவப்புக் குமிழை இழுத்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் உள்ள தண்ணீர் சில மணி நேரத்தில் பசையாகிவிடுகிறது. தரிப்பிடத்துக்கு வருமுன் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரில் பெடலை மெதுவாக அழுத்தி ஓடினால் ஷூ காய்ந்துவிடும், நிறுத்திய பின் சில நிமிடங்கள் பிரேக்கை ஆறவிட்டுக் குமிழை இழுப்பதும் உதவும். இது எல்லா நாளும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், −34இல் நானும் ஒட்டிப்போய் நின்றிருக்கிறேன். ஒட்டிவிட்டால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். விடாவிட்டால் சுத்தியல்தான் வழி. நெருப்புச் சுவாலையை எடுத்துக்கொண்டு ட்ரெயிலரின் கீழே போகாதீர்கள், அங்கே ரப்பர் குழாயும் டயாபிரமும் (சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு) கிரீஸும் ரயரும் ஓரடிக்குள் இருக்கின்றன.

தை 23, 2022

"காற்றுப் போனால் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்றால் எயார் பிரேக் வண்டியில் பிரேக் போய்விடுமோ என்று எதற்குப் பயப்பட வேண்டும்?" என்று வேறொருவர் கேட்கிறார். நல்ல கேள்வி, இதற்குப் பாதி விடையை இன்று எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் என் அப்பா ஓட்டிய பழைய லொறியில் பிரேக் எண்ணெய் கசிந்து போனால் பெடல் தரையோடு ஒட்டிவிடும், பிறகு கியரும் கடவுளும்தான். காற்றினால் இயங்கும் அமைப்பில் அந்தத் தர்க்கம் தலைகீழாக இருக்கிறது. அதன் வேர் ரயிலில் உள்ளது. ஜோர்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காப்புரிமை பெற்ற முதல் காற்று பிரேக்கில் குழாய் வெடித்தால் முழு ரயிலும் பிரேக்கை இழந்துவிடும். சில ஆண்டுகளுக்குள் அவரே அதை மாற்றி, குழாயில் அழுத்தம் குறைந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் தானாகப் பிடிக்கும்படி செய்தார். இன்று நம் ட்ரெயிலர் சிவப்புக் குழாய் அறுந்தவுடன் பிடித்துக்கொள்வதும் அதே எண்ணத்தினால்தான்.

2011 மாசியில் அதை நேரில் கண்டேன். நெடுஞ்சாலை 17இல் மரத்தன் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது சிவப்புக் குமிழ் பெரும் சத்தத்தோடு வெளியே பாய்ந்தது, ட்ரெயிலர் கறுப்புக் கோடு இழுத்தபடி நின்றது. சிவப்புக் குழாய் பல நாள்களாக ட்ராக்டரின் பின்புறத் தட்டில் உரசி, அன்று துளை விழுந்திருக்கிறது. ஒவ்வொரு காலையும் அந்தக் குழாயைக் கடந்துதான் நான் கபினில் ஏறினேன். உரசிய தடத்தை என் கண் பார்த்திருக்க வேண்டும், மனம் பார்க்கவில்லை. பின்னால் வந்த கார் தூரத்தில் இருந்தபடியால் ஒருவருக்கும் காயமில்லை.

நீலக் குழாய் அறுந்தால் கதை வேறு. அது பெடலை அழுத்தும்போது மட்டும் காற்றைக் கொண்டுபோகும் குழாய். அறுந்தோ கழன்றோ கிடந்தாலும் நீங்கள் பிரேக்கைத் தொடும்வரை எதுவும் தெரியாது, மானி 120 காட்டும். முதல் தடவை அழுத்தும்போது காற்று வெளியே கொட்டும், ட்ரெயிலர் பிரேக் பிடிக்காது, அழுத்திப் பிடித்தால் அழுத்தம் சரிந்து கடைசியில் சிவப்புக் குமிழ் பாயும். ஆகவே யார்டை விட்டு வெளியேறுமுன் மெதுவாக உருட்டி, பெடலை அழுத்தி, ட்ரெயிலர் பின்னால் இழுத்துப் பிடிக்கிறதா என்று உணர்ந்து பாருங்கள்.

தை 24, 2022

நேற்றைய குறிப்பில் ஒரு விடுபாடு. சுருள்வில் இல்லாத மிகப் பழைய ட்ரெயிலர்களில் சிவப்புக் குழாய் அறுந்தால் பிடிப்பது ட்ரெயிலரின் தொட்டியில் மிஞ்சிய காற்றுதான். அந்தக் காற்று கசிந்து முடிந்தால் பிடியும் விட்டுவிடும். 1975க்குப் பிறகு வந்தவற்றில் வில் இருப்பது கட்டாயம் என்பதால் நெடுஞ்சாலையில் இதைக் காண்பது அரிது, ஆனால் பண்ணைகளிலும் பழைய யார்டுகளிலும் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கட்டை வைக்காமல் விட்டுப் போகாதீர்கள்.

தை 30, 2022

பாதி விடை என்றேன், மற்றப் பாதி இது. காற்றுப் போய்விட்டால் வண்டி நின்றுவிடுகிறது. தொட்டி நிறையக் காற்று இருந்து, பெடலும் வேலை செய்து, சில்லில் மட்டும் பிடி இல்லாமற் போவதுதான் ஆட்களைக் கொல்கிறது. அந்த நேரத்திலும் மானி 120தான் காட்டும்.

2014 கார்த்திகையில் தண்டர் பேயிலிருந்து மரப்பலகை ஏற்றிக்கொண்டு வந்தேன், மொத்த எடை ஏறத்தாழ 36,000 கிலோ. வாவா தாண்டி, சூப்பீரியர் ஏரியை ஒட்டி வரும் வீதியில் மொன்றியல் ஆற்று இறக்கம் வந்தது. அந்தப் பாதையில் ஓடியவர்களுக்கு அந்த இடத்தை விவரிக்கத் தேவையில்லை. நான் மேலே கியரைக் குறைத்தது போதவில்லை. வேகம் ஏறியதும் பெடலை மெதுவாக அழுத்தினேன், அது போதாமல் மேலும் அழுத்தினேன், பாதி இறக்கத்தில் பிரேக் கருகும் வாசம் கபினுக்குள் வந்தது. கால் கீழே போய்க்கொண்டே இருந்தது, வண்டி அதற்கு இணங்கவில்லை. கீழே சமதரையில் ஒருவாறு நிறுத்தியபோது என் இரண்டு கைகளும் சுக்கானை விட மறுத்தன.

அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு சில்லின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ட்ராக்டரின் பின் அச்சுகளில் நான்கும் அனல் வீசின, ட்ரெயிலரில் இரண்டு அனல் வீசின, மற்ற இரண்டும் வெளிக்குளிரில் இருந்த இரும்பு போலவே இருந்தன. முதலில் அனல் வீசியவற்றில்தான் பழுது என்று நினைத்தேன். உண்மையில் குளிர்ந்து கிடந்த இரண்டும் வேலையே செய்யவில்லை, மற்றவை அவற்றின் பங்கையும் சுமந்து கருகின.

அந்த இரண்டிலும் தள்ளுதண்டின் ஓட்டம், அதாவது பெடலை அழுத்தும்போது அது வெளியே நகரும் தூரம், எல்லையைத் தாண்டியிருந்தது. நம் ட்ரெயிலர்களில் அதிகமாக இருக்கும் 30ஆம் வகைச் சேம்பரில் டயாபிரத்தின் பரப்பு 30 சதுர அங்குலம். 100 பி.எஸ்.ஐ. கொடுத்தால் தண்டை 3,000 இறாத்தல் விசையோடு தள்ளும். ஆனால் அந்த விசை முழுமையாகக் கிடைப்பது தண்டு குறுகிய தூரம் நகரும்வரைதான். சாதாரணச் சேம்பரில் 2 அங்குலமும் நீண்ட ஓட்டச் சேம்பரில் இரண்டரை அங்குலமும் எல்லை. அதைத் தாண்டினால் டயாபிரம் சேம்பரின் முடிவை நெருங்கி, விசை சடுதியாகச் சரிகிறது.

இதில் சூடும் சேர்ந்துகொள்கிறது. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும், அதை எட்டிப் பிடிக்கத் தண்டு இன்னும் தூரம் போக வேண்டும். காலையில் யார்டில் குளிர்ந்த நிலையில் சரியாக 2 அங்குலம் காட்டிய பிரேக் இறக்கத்தின் நடுவில் எங்கே இருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இறக்கத்தில் கால் இன்னும் இன்னும் கீழே போவதன் காரணம் இதுதான்.

மாசி 2, 2022

இறக்கத்தில் பெடலைப் படபடவென்று விட்டு விட்டு அழுத்துவதா, தொடர்ந்து அழுத்திப் பிடிப்பதா என்று இருவர் இங்கே வாதிடுகிறார்கள். இரண்டையும் நான் செய்திருக்கிறேன், இரண்டும் பிழை. படபடவென்று அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் காற்றுச் செலவாகிறது, கொம்பிரசர் ஈடுகொடுக்கத் திணறும். தொடர்ந்து மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் சூடு ஆறுவதற்கு இடமில்லை. மேலேயே கியரைக் குறைத்து, எஞ்சின் பிரேக்கைப் போட்டு, வேகம் உங்கள் எல்லையை எட்டியதும் மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் குறையும்வரை திடமாக அழுத்தி, முழுமையாக விட்டுவிட வேண்டும், மறுபடி எல்லையை எட்டியதும் மறுபடி அழுத்த வேண்டும். வீதி வழுக்கினால் எஞ்சின் பிரேக்கை நிறுத்திவிடுங்கள், சுமை குறைந்த வண்டியில் அது பின்சில்லுகளைப் பூட்டி ட்ராக்டரை ட்ரெயிலர் பக்கமாக மடித்துவிடும்.

பிரிட்டிஷ் கொலம்பியா பக்கம் போகிறவர்களுக்கு: செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் பிரேக் சோதிக்கும் தரிப்பிடங்கள் இருக்கின்றன. கொக்கிஹாலா வீதியில் அவற்றைத் தாண்டிக் கீழே இறங்கும்போது ஓடிப்போகும் வண்டிகளுக்கான சரளைத் தடங்களையும் காண்பீர்கள். உச்சியில் பத்து நிமிடம் செலவழித்தால் அந்தத் தடம் தேவைப்படாது என்று நான் எண்ணுகிறேன், தேவைப்பட்டால் வண்டி உடையுமே என்று ஒரு கணமும் தயங்காமல் அதில் ஏற்றிவிட வேண்டும்.

மாசி 6, 2022

இதை எழுத எனக்குச் சில நாள் பிடித்தது.

மொன்றியல் ஆற்றுச் சம்பவத்துக்கு முன் மூன்று ஆண்டுகளாக ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைத் தானே சரிசெய்யும் ட்ரெயிலரின் தானியங்கி அட்ஜஸ்டர்களை நான் என் கையாலேயே முறுக்கி வந்தேன். மூத்த சாரதி ஒருவர் கற்றுத் தந்தார்: கீழே படுத்து, சாவியைப் போட்டு, ஷூ டிரம்மைத் தொடும்வரை முறுக்கி, பிறகு அரைச் சுற்றுப் பின்னே விட்டால் போதும் என்றார். கைமுறை அட்ஜஸ்டர் இருந்த காலத்தில் அது சரியான வேலை. 1994 ஐப்பசிக்குப் பிறகு அமெரிக்க விதிப்படி வந்த காற்று பிரேக் வண்டிகளில் தானியங்கி அட்ஜஸ்டர்தான் இருக்கிறது. அது ஓட்டத்தைத் தானே சரிசெய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் அட்ஜஸ்டர் தேய்ந்துவிட்டது, அல்லது அது தவறாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, அல்லது ஷூவை விரிக்கும் எஸ் வடிவக் காம் தண்டின் தாங்குவளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. நான் முறுக்கியதால் அந்தக் காரணம் ஒன்றும் தீரவில்லை, சில நூறு கிலோமீட்டருக்கு மறைந்தது. அந்த மறைவை நான் பராமரிப்பு என்று நம்பினேன். நாலைந்து முறை முறுக்கிய அதே இரண்டு சில்லுகள்தான் 2014இல் குளிர்ந்து கிடந்தன.

2003 சித்திரையில் பென்சில்வேனியாவின் கிளென் ரொக் என்ற ஊரில் பிரேக் பிடிக்காத ஒரு டம்ப் ட்ரக் இறக்கத்தில் கார்களின் மேல் மோதி உயிர்களைப் பறித்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது இதே பழக்கம்தான் முன்னால் வந்தது: தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் முறுக்கிவிட்டு, அது ஏன் தளர்ந்தது என்று தேடாமல் விட்டிருக்கிறார்கள். அந்த அறிக்கை வந்தது 2006இல். நான் முறுக்கக் கற்றது அதற்குப் பல ஆண்டுகள் பின்னால்.

அளப்பது கடினமில்லை. சில்லுகளுக்குக் கட்டை வைத்து, தரிப்பு பிரேக்கை விடுவித்து, அழுத்தத்தை 90க்கும் 100க்கும் இடையில் கொண்டுவந்து, எஞ்சினை நிறுத்துங்கள். சேம்பரின் வாயில் தண்டின் மேல் சோக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் பெடலை முழுமையாக அழுத்திப் பிடிக்க, கோடு எவ்வளவு தூரம் வெளியே வந்தது என்று அளந்து எழுதுங்கள். ஐந்து அச்சு வண்டியில் பத்துப் பிரேக்குகள் இருக்கின்றன. வீதிச் சோதனையில் 20 விழுக்காடு பழுது என்றால் வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அதாவது இரண்டு பிரேக்.

மாசி 7, 2022

சுருள்வில்லை உள்ளே பூட்டும் நீண்ட போல்ட்டைப் போட்டுவிட்டு ஓடலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. அது பழுதான வண்டியை வீதியிலிருந்து அகற்றுவதற்கும் கராஜ் வேலைக்கும் உரிய கருவி. அதைப் போட்ட சில்லுக்குத் தரிப்பு பிரேக்கும் இல்லை, அவசர பிரேக்கும் இல்லை. சேம்பரின் பட்டியைக் கழற்றும் எண்ணமே வேண்டாம். உள்ளே இருக்கும் வில் விடுபட்டால் அருகில் நிற்பவர் பிழைக்க மாட்டார்.

மாசி 13, 2022

காற்றழுத்தம் குறைந்து எச்சரிக்கை ஒலி கேட்டால் அடுத்த தரிப்பிடம் வரை போகலாமா என்ற கேள்விக்கு ஒருவர் "நான் நாற்பது கிலோமீட்டர் போயிருக்கிறேன்" என்று பதில் எழுதியிருக்கிறார். அவரை மதித்தே மறுக்கிறேன். ஒலியும் சிவப்பு விளக்கும் ஏறத்தாழ 60 பி.எஸ்.ஐ.யில் வருகின்றன. 45க்கும் 20க்கும் இடையில் எங்கோ வில்கள் தாமாகப் பிடித்துவிடும். அந்த இடைவெளி முழுவதும் உங்கள் விருப்பப்படி நிறுத்துவதற்காகத் தரப்பட்டது. அதை ஓடித் தீர்த்தால், வளைவிலா பாலத்திலா எங்கே நிற்பது என்பதை வில் தீர்மானிக்கும்.

ஒரு தொட்டியின் முள் மட்டும் விழுந்தால் மற்றச் சுற்று இன்னும் பிடிக்கும், நிற்கும் தூரம் மட்டும் நீளும். அப்போது பெடலை ஒரே தடவையாக, நிதானமாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். வேகத்தில் மஞ்சள் குமிழை இழுக்க வேண்டாம். இழுத்தால் ட்ராக்டரின் பின்சில்லுகள் பூட்டிக்கொள்ளும், ட்ரெயிலர் பின்னாலிருந்து தள்ளும், பிறகு மடிவதைத் தடுக்க உங்களிடம் ஒன்றும் இராது.

ஒன்ராறியோவின் அன்றாடச் சோதனைப் பட்டியலைக் கபினில் வைத்திருக்கிறோம், வாசிக்கிறோமா? காதுக்குக் கேட்கும் காற்றுக்கசிவும் அழுத்தம் மெதுவாக ஏறுவதும் அதில் சிறு பழுதுகள், எழுதி அறிவித்துவிட்டு ஓடலாம். தண்டின் ஓட்டம் எல்லையைத் தாண்டுவதும், கசிவு எல்லையைத் தாண்டுவதும், எச்சரிக்கை ஒலி வேலை செய்யாமை அல்லது ஒலித்துக்கொண்டிருப்பதும் பெரும் பழுதுகள். அவற்றோடு வண்டியை ஓட்டவே கூடாது. கசிவுக்கு எல்லை: எஞ்சினை நிறுத்தி, பெடலை அழுத்திப் பிடித்தால், ஒரு ட்ரெயிலர் இழுக்கும் வண்டியில் முதல் சரிவு நின்ற பிறகு நிமிடத்துக்கு 4 பி.எஸ்.ஐ.

மாசி 27, 2022

கேள்வி கேட்ட தம்பி ஆள் ஒருவரை உதவிக்கு வைத்துப் பத்துப் பிரேக்கையும் அளந்து எண்களை எனக்கு அனுப்பியிருக்கிறார். அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். ட்ராக்டரில் ஆறும் எல்லைக்குள் நன்றாக இருக்கின்றன. ட்ரெயிலரில் சாதாரண ஓட்டமுள்ள 30ஆம் வகைச் சேம்பர்கள்: முன் அச்சில் ஒன்றே முக்கால் அங்குலம், ஒன்றரை அங்குலம். பின் அச்சில் இரண்டே கால், இரண்டே கால். ஹேர்ஸ்ட்டில் மெக்கானிக் ஓடலாம் என்று சொன்ன பிறகு ஆறு வாரங்கள் இந்த இரண்டு பிரேக்கோடும் அவர் ரொறன்ரோவுக்கும் வினிப்பெக்குக்கும் இடையில் ஓடியிருக்கிறார். மானி எல்லா நாளும் 120 காட்டியிருக்கிறது.

"அண்ணை, நானே முறுக்கிவிடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

பங்குனி 9, 2022

கராஜில் பின் அச்சின் காம் தண்டு புஷ்கள் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்ததைக் கண்டிருக்கிறார்கள். புஷ்களையும் அட்ஜஸ்டர்கள் இரண்டையும் மாற்றியபின், குளிர்ந்த நிலையில் இரண்டும் ஒன்றரை அங்குலம். நேற்று மொன்றியல் ஆற்று இறக்கத்தைத் தாண்டி, கீழே தரிப்பிடத்தில் நிறுத்தி, உடனே அளந்திருக்கிறார். சூடான நிலையில் ஒன்றே முக்கால். நான்கு சில்லும் கைக்கு ஒரே அளவு சூடாக இருந்தன என்று எழுதியிருக்கிறார்.